கலைக் கல்லூரியில் நாம் கற்பது என்ன?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

“என்ன படிக்கிறாய்?” என்று ஊரார் கேட்டால் “பி.எஸ்ஸி. இயற்பியல்” என்கிறோம். “எங்கே?” என்றால் “அரசு கலைக் கல்லூரியில்” என்கிறோம். அறிவியல் படிப்பவனுக்குக் கலைக் கல்லூரியில் என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. “சரி, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?” என்பது அதற்கும் அடுத்த கேள்வி. கேட்பதற்கு எளியவையாகத் தோன்றும் இக்கேள்விகளுக்கு விடை கூறுவது அத்தனை எளிதன்று. பட்டம் பெற்று வெளியேறும் நாள்வரை இவற்றுக்கு விடை தேடாமலே இருந்துவிடுவோரும் நம்மில் உளர்.

இதற்குக் காரணம் உண்டு. நம்மில் மிகப் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். இக்கட்டுரையை எழுதும் நானும் அவர்களுள் ஒருவன். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 80 விழுக்காடு. கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டத்திலோ ஏறத்தாழ 72 விழுக்காடுதான். படித்த குடும்பத்துப் பிள்ளைக்குத் தந்தையோ அத்தையோ சொல்லிக் கொடுத்துவிடும் செய்திகளை நாம் கல்லூரிக்கு வந்த பிறகே அறிகிறோம். சில வேளைகளில் காலம் கடந்து அறிகிறோம். ஆகவே, ஒரு கலைக் கல்லூரியின் கல்வி எவ்வாறு அமைந்துள்ளது, அது ஏன் அவ்வாறு அமைந்தது, மாணவர் கண்ணுக்கு அது எவ்வாறு தோன்றுகிறது என்பவற்றை ஈண்டு விளக்க முயல்கிறேன்.

‘கலை’ என்னும் சொல்

நாம் ‘கலை’ என்றவுடன் ஆடலையும் பாடலையும் நினைக்கிறோம். கல்லூரியின் பெயரில் உள்ள ‘கலை’ அதுவன்று. பண்டை ஐரோப்பாவில் ஒரு சுதந்திர மனிதன் கற்கத் தக்கவை என ஏழு துறைகளை வகுத்திருந்தனர். இலக்கணம், சொல்லாட்சி, தருக்கம் என்பன மூன்று. எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்பன நான்கு. இந்த ஏழும் சேர்ந்ததே அவர்கள் கூறிய ‘கலை’. எண்கணிதமும் வானியலும் அதற்குள் அடக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். இயற்பியல் மாணவன் கலைக் கல்லூரியில் இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை. தொடக்கம் முதலே அவனுக்கு அங்கே இடம் இருந்திருக்கிறது.

ஒரு தொழிலுக்கு மட்டும் ஆளைப் பழக்குவது தொழிற்கல்வி. எத்தொழிலுக்குச் சென்றாலும் சிந்திக்கவும், கணக்கிடவும், தெளிவாக எழுதவும், பேசவும் வல்லவனாக ஆக்குவது கலைக் கல்வி. நம் பாடத்திட்டத்தில் பகுதி ஒன்றில் தமிழும், பகுதி இரண்டில் ஆங்கிலமும், பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் துணைப் பாடங்களும் இருப்பது இக்கருத்தின் எச்சமே ஆகும். “இயற்பியல் படிக்க வந்தவனுக்குத் தமிழ்த் தாள் எதற்கு?” என்று முதலாண்டில் முணுமுணுப்போர் பலர். தான் கண்டதைப் பிறர் புரிந்துகொள்ளுமாறு எழுதத் தெரியாதவன், கண்டும் பயனில்லை என்பதே இதற்கு விடை.

அமெரிக்காவில் வில்லியம்ஸ் (1793), ஆம்ஹெர்ஸ்ட் (1821) போன்ற சிறிய கல்லூரிகள் இக்கல்வியையே தம் உயிர்நாடியாகக் கொண்டவை. மாணவர் பெரும்பாலும் கல்லூரி வளாகத்திலேயே தங்குவர், வகுப்புகள் சிறியவை, பல துறைப் பாடங்களையும் பயின்று பார்த்த பின்னரே எதை முதன்மைப் பாடமாகக் கொள்வது என முடிவு செய்வர். நாமோ விண்ணப்பப் படிவம் நிரப்பும் நாளிலேயே முதன்மைப் பாடத்தைத் தேர்ந்துவிடுகிறோம். அதைவிட உண்மையைச் சொல்வதானால், நம் மதிப்பெண்ணும் காலியிடமும் நமக்காகத் தேர்ந்துவிடுகின்றன.

நம் ஊர்க் கல்லூரிகள்

விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி 1968-ஆம் ஆண்டிலும், திண்டிவனத்தில் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி 1969-ஆம் ஆண்டிலும் தோன்றின. பின்னதன் பெயருக்குரியவர் 1967-இல் அமைந்த அண்ணா அமைச்சரவையில் வேளாண்மை அமைச்சராக விளங்கியவர். இரண்டும் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. அதற்குமுன் பட்டப்படிப்பு வேண்டுவோர் சிதம்பரம், கடலூர், சென்னை என வெளியூர் செல்ல வேண்டியிருந்தது. வெளியூர் என்றால் விடுதிக் கட்டணம். விடுதிக் கட்டணம் என்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே படிப்பு. கல்லூரி ஊருக்கு வந்ததால்தான் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும், குறிப்பாகப் பெண்களும், பட்டம் பெற முடிந்தது என்றால் மிகையாகாது.

அக்காலத்தில் பள்ளி இறுதி வகுப்பை முடித்தவர் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்புப் படித்த பின்னரே பட்ட வகுப்பில் சேர்வர். 1978-இல் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபின் புகுமுக வகுப்பு மறைந்தது. மாவட்டமும் மாறியது: 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று, 2019-இல் கள்ளக்குறிச்சி அதிலிருந்து பிரிந்தது. பல்கலைக்கழகமும் மாறியது: சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த இப்பகுதிக் கல்லூரிகள், வேலூரில் 2002-இல் தோன்றிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழும், 2021-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழும் வந்தன.

கற்பிப்பவர் ஒருவர், வினா எழுதுபவர் ஒருவர்

பல்கலைக்கழகத்தின் பெயர் மாறினாலும் ஒன்று மாறவில்லை. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டனர். அம்முறைப்படி, கற்பிப்பது கல்லூரியின் வேலை. பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் வேலை. இதனால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. சிற்றூர்க் கல்லூரி மாணவனும் மாநகரக் கல்லூரி மாணவனும் ஒரே வினாத்தாளை எழுதி ஒரே பட்டம் பெற முடிந்தது.

ஆனால் இதற்கொரு மறுபக்கம் உண்டு. வினாத்தாளை யாரோ எழுதுகிறார். விடைத்தாளை யாரோ திருத்துகிறார். அந்நிலையில் வகுப்பில் எழும் சுவையான ஐயத்தைவிட, சென்ற ஐந்து ஆண்டு வினாத்தாள்களே பெரிதாகத் தோன்றும். ஆசிரியர் விளக்கத் தொடங்கினால், “ஐயா, நோட்ஸ் கொடுங்கள்” என்று நாமே கேட்கிறோம். பிறகு, “இங்கே நோட்ஸ்தான் கொடுக்கிறார்கள்” என்று நாமே குறை கூறுகிறோம். குறை ஒருவர் மேலதன்று. அமைப்பின் தன்மை அது. இதனை உணர்ந்துதான் 1964-66 கோத்தாரிக் கல்விக் குழு, தகுதியுள்ள கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப் பரிந்துரைத்தது. 1978-இல் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, இலயோலாக் கல்லூரி முதலியன தன்னாட்சி பெற்றன. கற்பிப்பவரே தேர்வும் நடத்தும் முறை அவ்வாறு இக்கல்லூரிகளில் தொடங்கிற்று.

மற்றக் கல்லூரிகளில் இதன் ஒரு சிறு பங்கு அகமதிப்பீடாக வந்துள்ளது. ஒரு தாளுக்கு உரிய 100 மதிப்பெண்ணில் 25 கல்லூரியில் வழங்கப்படுவது. 75 பல்கலைக்கழகத் தேர்வில் பெறுவது. அந்த 25-இல் வகுப்புத் தேர்வு, ஒப்படைப்பு, வருகை ஆகியன அடங்கும். ‘இன்டர்னல்’ என்பதை ஆசிரியர் மனம் வைத்துப் போடும் மதிப்பெண் என்று எண்ணுவோர் பலர். உண்மையில், கற்பித்தவரே நம்மை அளவிட நமக்குக் கிடைத்துள்ள ஒரே வாய்ப்பு அதுதான். கடைசி நாளில் நண்பன் ஒப்படைப்பைப் பார்த்து எழுதி, அவ்வாய்ப்பை வீணாக்கலாகாது.

22 நாள்

முதலாண்டு நண்பர்கள் முதல் வாரத்திலேயே அறிய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு பருவத்திற்குப் பொதுவாக 90 வேலை நாள்கள். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அதாவது 68 நாள் வர வேண்டும். 22 நாள் வராதிருக்கலாம். இதனினும் சற்றுக் குறைந்தால் தண்டத்தொகை கட்டி, தக்க காரணம் காட்டி அனுமதி பெறலாம். மிகவும் குறைந்தால் அப்பருவத் தேர்வையே எழுத முடியாது.

22 நாள் என்பது தாராளமாகத் தோன்றும். வாரத்திற்கு ஒரு நாள் மட்டும் வேலைக்குச் செல்லும் மாணவனை எண்ணிப் பாருங்கள். வாரம் ஐந்து நாள் கல்லூரி என்றால் 90 நாள் என்பது 18 வாரம். 18 நாள் கூலி வேலையில் போயிற்று. மீதமுள்ள நான்கே நாளில் காய்ச்சல், ஊர்த் திருவிழா, உறவில் ஒரு சாவு, மழையில் நின்றுபோன பேருந்து ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். மணிலாக் கொட்டை பிடுங்கும் நாளில் வீட்டில் ஆள் பற்றாது. கரும்பு வெட்டும் நாளிலும் அப்படியே. “ஒரு வாரம் போகவில்லை என்றால் குடியா முழுகிவிடும்?” என்று கேட்கும் தாய்க்கு இந்தக் கணக்கு தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் நாம்.

கெட்டிக்காரனாக இருந்தும் வருகை இன்றி ஆண்டை இழப்பவன், பிறகு ‘அரியர்’ சுமந்து, பிறகு வெட்கப்பட்டு, பிறகு வராமலே நின்றுவிடுகிறான். படிப்பு வராததால் நின்றவனைவிடக் கணக்குத் தெரியாததால் நின்றவன் நிலை இரங்கத்தக்கது. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இத்தொகை ஒரு குடும்பத்தைக் காக்காது; ஆனால் மாதத்தில் சில நாளேனும் வேலைக்குப் போகாமல் வகுப்புக்கு வர அது உதவும்.

பேருந்தும் நூலகமும்

விழுப்புரம் இரயில் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, கடலூர், திருவண்ணாமலை, புதுச்சேரி என ஐந்து திசைக்கும் பாதை பிரிகிறது. திண்டிவனத்திலும் செஞ்சிச் சாலை, புதுச்சேரிச் சாலை, சென்னைச் சாலை எனப் பல சாலைகள் கூடுகின்றன. கல்லூரி இவ்வூர்களில் அமைந்ததன் பொருத்தம் இதனால் விளங்கும். அரசுக் கலைக் கல்லூரி மாணவர்க்கு இலவசப் பேருந்துப் பயண அட்டை கிடைக்கிறது. இரயிலில் சலுகைக் கட்டணப் பருவச்சீட்டு கிடைக்கிறது. இவை இல்லையேல் நம் வகுப்புகளில் பாதி இருக்கைகள் வெறுமையாகவே இருக்கும்.

ஆனால் பேருந்து நம்மைக் கொண்டுவந்து சேர்ப்பதுபோலவே திரும்ப இழுத்துக்கொண்டும் போகிறது. வகுப்பு முடிகிறது, கிராமத்துக்குச் செல்லும் வண்டி புறப்படப் போகிறது, அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வருமோ? ஆகவே நூலகத்தைக் கடந்து ஓடுகிறோம். ‘மாணவர் நூலகத்தைப் பயன்படுத்துவதில்லை’ என்று ஆசிரியப் பெருமக்கள் வருந்துவது உண்மையே. அதன் காரணங்களுள் பேருந்து நேரமும் ஒன்று என்பதையும் அவர்கள் கருத வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் சிறு கல்லூரிகளில் மாலைப்பொழுதில் நிகழும் உரையாடலே கல்வியின் பாதி என்பர். நமக்கு அந்த மாலைப்பொழுது இல்லை. இடைவேளை நேரத்திலும், ஆசிரியர் வராத வகுப்பிலும் நாம் அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வண்டி ஏறியபின் ஒரு மணி நேரம் கைப்பேசியைத் தேய்ப்பதற்குப் பதில், அன்றைய பாடத்தை உடன் வரும் நண்பனுக்கு விளக்கிப் பார்ப்பதும் நூலகத்துக்கு நிகரானதே.

உந்தமும் மொமென்டமும்

பள்ளியில் ‘உந்தம்’ என்று படித்து வந்தவன் கல்லூரியில் ‘மொமென்டம்’ என்று கேட்டவுடன் புதிய பொருள் ஏதோ வந்துவிட்டதாக அஞ்சுகிறான். பொருள் பழையதே, சட்டைதான் புதியது. 1960-களில் அரசுக் கல்லூரிகளில் தமிழ்வழிக் கல்வி தொடங்கப்பட்டதும், 1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஏற்படுத்தப்பட்டுக் கல்லூரிப் பாடநூல்களையும் தமிழில் வெளியிட்டதும் இத்தடையை நீக்கவே. கோவையிலிருந்து 1948 முதல் வெளிவந்த ‘கலைக்கதிர்’ இதழ் அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்பதை மெய்ப்பித்தது.

தமிழ்வழி, ஆங்கிலவழி எதைத் தேர்வது என்பதில் உணர்ச்சி மட்டும் போதாது, விவரமும் வேண்டும். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்வழியில் பயின்றோர்க்கு மாநில அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பட்டப்படிப்பை மட்டுமன்றிப் பள்ளிக் கல்வியையும் தமிழ்வழியில் பயின்றிருக்க வேண்டும். ஆங்கிலவழி வகுப்பில் சேர்ந்து தேர்வை மட்டும் தமிழில் எழுதுவோர் இம்முன்னுரிமையைப் பெற இயலாது. சேரும் நாளில் இதனை அறியாது, வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அறிந்து என்ன பயன்? அதே வேளையில், மேற்படிப்பு நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன என்பதும் உண்மை. எனவே தமிழில் சிந்தித்துப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வதே நம் போன்றோர்க்கு ஏற்ற வழியாகும்.

இரண்டு வெர்னியர்

எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும்போது வட்ட அளவுகோலில் எதிரெதிரே உள்ள இரண்டு வெர்னியர்களிலும் அளவு எடுக்கிறோம். ஏன் இரண்டு? “ரெக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது” என்பதே பெரும்பாலோர் விடை. தொலைநோக்கி சுழலும் மையமும் அளவுகோலின் மையமும் சிறிதளவு விலகியிருக்கக்கூடும். அவ்விலகலால் ஒரு பக்கத்து அளவு கூடினால் எதிர்ப்பக்கத்து அளவு குறையும். இரண்டின் சராசரியை எடுத்தால் பிழை நீங்கும். இந்தக் காரணத்தை அறிந்து செய்தால் அது இயற்பியல்; அறியாமல் செய்தால் வெறும் சடங்கு. கல்லூரிக் கல்வியைப் பற்றிய மதிப்பீடும் இத்தகையதே. ஆசிரியர் பக்கத்து அளவை மட்டும் எடுத்தால் ‘மாணவர் படிப்பதில்லை’ என வரும். மாணவர் பக்கத்து அளவை மட்டும் எடுத்தால் ‘கற்பிப்பதில்லை’ என வரும். இரண்டையும் எடுத்தால்தான் உண்மை புலப்படும்.

ஊரே பாடநூல்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பர். நம் ஏட்டுக்கும் ஊருக்கும் உள்ள உறவை நாம் காணாததாலேயே அப்பழமொழி பலிக்கிறது. திண்டிவனத்தை அடுத்துள்ள திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன. மணலில் புதைந்த மரத்தின் உள்ளே நீரில் கரைந்த சிலிக்கா புகுந்து, மரத்தின் அமைப்பு கெடாமல் அதைக் கல்லாக்கியிருக்கிறது. அங்கே தாவரவியலும் வேதியியலும் ஒன்றாகின்றன. மரக்காணம் உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி நீர் மாற்றுவது பின்னப் படிகமாக்கலே: கடல்நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்புக் கார்பனேட்டும், பிறகு ஜிப்சமும், அதன்பின் சமையல் உப்பும் படிகின்றன. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் நிலக்கடலை வகைகள் ‘டி.எம்.வி.’ என்னும் பெயரைத் தாங்குகின்றன. அது நம் ஊரின் பெயர்ச்சுருக்கம். 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 நாட்டின் பல பகுதிகளில் பயிராயிற்று. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையிலுள்ள மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் சமைத்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டில் கூறுகிறான். அதை வரலாற்று மாணவரும் இயற்பியல் மாணவரும் சேர்ந்து பார்த்தால் இருவர்க்கும் பயன் உண்டு. உப்பளத்தில் உழைக்கும் தந்தையின் மகள் வேதியியல் வகுப்பில் அமர்ந்திருக்கிறாள் என்றால், வகுப்பில் யாருக்கும் இல்லாத ஆய்வு அறிவு அவளுக்கு இருக்கிறது. அதை அவள் எழுந்து கூற வேண்டும். வகுப்பு அதைக் கேட்க வேண்டும். கலைக் கல்வி என்பது இதுதான்.

முடிவாக

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. இந்தியச் சராசரி 28.4. கல்லூரிக்குள் வருவதில் நாம் முன்னணியில் இருக்கிறோம். வந்தவர் அனைவரும் கற்றுத் தேறி வெளியேற வேண்டும் என்பதே எஞ்சியிருக்கும் பணி. அதற்குப் பெரிய கட்டடங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் இரண்டாமாண்டு மாணவரும் ஒரு முதலாண்டு மாணவருக்கு வருகைக் கணக்கையும், அகமதிப்பீட்டையும், பயிற்றுமொழி விவரத்தையும், உதவித்தொகை விண்ணப்பத்தையும் சொல்லிக் கொடுக்கலாம். வீட்டில் அண்ணனோ அக்காவோ படித்திருந்தால் செய்திருக்கக்கூடிய உதவி இது. அதைக் கல்லூரியில் நாம் ஒருவர்க்கொருவர் செய்துகொள்வோம். ஆசிரியப் பெருமக்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே: நாங்கள் நோட்ஸ் கேட்டாலும், ‘ஏன்’ என்ற கேள்வியை எங்களிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

‘இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?’ என்று ஊரார் கேட்டால், முதுநிலைப் படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் உண்டு, பட்டதாரிகளுக்கான போட்டித் தேர்வுகள் உண்டு என்று தயங்காமல் கூறுவோம். அதோடு, எந்த வேலைக்குச் சென்றாலும் அதைப் புரிந்து செய்யும் திறனை இங்கே பெறுகிறோம் என்றும் கூறுவோம். அந்த இரண்டாவது விடை மெய்யாவதும் பொய்யாவதும் நாம் இங்கே கழிக்கும் மூன்று ஆண்டுகளைப் பொறுத்தது.